பனையடியும் கோரைப்பள்ளமும்

வரிச்சிக்குடியில் தெட்சிணாமூர்த்தியின் கோபத்துக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று அவர் மனைவி கல்யாணசுந்தரி. மற்றது வயல் நண்டு. இந்த மார்கழியில் மூன்றாவதாக ஒரு கைப்பேசியும் வந்து சேர்ந்தது.

அந்தக் கைப்பேசி நித்யஸ்ரீயுடையது. காரைக்கால் தலத்தெருப் பெண். வேளாண்மையில் டிப்ளமோ முடித்துவிட்டுத் தற்காலிக வேலையில் ஊர் ஊராக ஸ்கூட்டரில் போய்ப் பயிர்க் கணக்கு எடுக்கிறவள். வயலுக்குள் இறங்கி நின்று கைப்பேசியைப் பிடித்தால் போதும், நிற்கிற இடத்தின் சர்வே எண், பட்டாதாரர், அவர் தகப்பனார் பேர் எல்லாம் தானாகவே வந்து விழும். சாகுபடி செய்கிறவரை அங்கேயே நிற்கவைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த வருஷத்திலிருந்து அந்தக் கணக்கில் ஏறின ஆளுக்குத்தான் மானிய உரம், மழை நிவாரணம், கொள்முதலில் நெல் போடுகிற அனுமதி எல்லாம் என்று கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள்.

பனையடி வயலில் பயிர் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிய நித்யஸ்ரீ, கைப்பேசியைப் பார்த்தாள், தெட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பேரு அடைக்கலராஜ்ங்களா?"

"என்னது?"

"தகப்பனார் பேரு சூசைன்னு காட்டுதுங்க."

வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த காசியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐயாவுக்கு எப்பங்க ஞானஸ்நானம் குடுத்தாங்க? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே."

"நீ புல்ல அறு" என்றார் தெட்சிணாமூர்த்தி. பிறகு அந்தப் பெண்ணிடம், குரலை முடிந்தவரை இறக்கிக்கொண்டு, "போன்ல தண்ணி பூந்திருக்கும்மா. ஆபீஸ்ல குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

அவள் வாய்க்கால் பக்கம் தள்ளிப் போய்ப் பார்த்தாள். பனைமரத்தடியில் நின்று பார்த்தாள். எங்கே போய் நின்றாலும் அடைக்கலராஜ்தான். அன்று மத்தியானம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கோரைப்பள்ளத்துக்குப் போனபோது, அங்கே மண்வெட்டியோடு அடைக்கலராஜ் நின்றார். கைப்பேசி, தெட்சிணாமூர்த்தி என்றது. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மறுபடி பனையடிக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் வயல மாத்தி வச்சிருக்கீங்களா ஐயா?"

"ஆமா. எங்க அஷ்வின் பொறக்குறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. அதுக்கென்ன?"

"எழுத்து ஏதாவது இருக்குங்களா?"

"எழுத்து எதுக்கு?"

அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அந்த விஷயத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

அது ஒரு ஐப்பசி நடவு. அப்போது பனையடி சூசை வீட்டு வயல். தெட்சிணாமூர்த்தி வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் பனையடி. கோரைப்பள்ளம் தெட்சிணாமூர்த்தி வீட்டுப் பரம்பரை நிலம். சூசையின் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் அது. ஆக, இவர் ஊரைக் கடந்து கிழக்கே போவார், சூசையின் மகன் அடைக்கலராஜ் ஊரைக் கடந்து மேற்கே வருவார். ஏரானாலும் எருவானாலும் அறுத்த கட்டானாலும் இப்படித்தான் நடந்தது. அது வினோதமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

அன்று மழை விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் நாற்றுக்கட்டு, முகமெல்லாம் சேற்றுத் தண்ணீர் வடிய இருவரும் நடு வரப்பில் எதிரும் புதிருமாக வந்து நின்றார்கள். ஒரு ஆள் போகிற வரப்பு. யாராவது ஒருவர் சேற்றில் இறங்கி வழி விட வேண்டும். இளவட்டம் இரண்டும் இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் பின்னால் நடவுப் பெண்கள் வரிசையாக வந்து நின்று, "யாராச்சும் எறங்குங்களேன், கழுத்து போவுது" என்று சத்தம் போட்டார்கள். முதலில் சிரித்தது அடைக்கலராஜ்தான்.

"ஏண்டா தெட்சிணா, நீ எங்க வீட்டு வாசலுக்கு நாத்து தூக்கிட்டுப் போற. நான் ஒங்க வீட்டு வாசலுக்குத் தூக்கிட்டு வர்றேன். நம்மள மாரி மடப்பயலுவ இந்தக் காரைக்கால்ல உண்டாடா?"

"அதுக்கு என்னாங்குற?"

"திரும்புங்குறேன்."

இருவரும் அந்த இடத்திலேயே திரும்பினார்கள். நடவுப் பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர்களும் திரும்பினார்கள். பொழுது இறங்குவதற்குள் பனையடியில் தெட்சிணாமூர்த்தியின் நாற்றும் கோரைப்பள்ளத்தில் அடைக்கலராஜின் நாற்றும் ஊன்றியாயிற்று. பரப்பு இரண்டும் தலா மூன்று மா, ஒரு ஏக்கர்தான். தண்ணீரும் ஒரே வாய்க்காலில்தான். சூசை அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டும் மண்ணுதான, நல்லா வச்சிக்குங்க" என்றதோடு சரி. தெட்சிணாமூர்த்தியின் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் குதித்திருப்பார். அவர் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்.

அந்நாளில் கணக்கு எழுத வருகிற கமாலுதீன் சைக்கிளை மதகில் சாத்திவிட்டு வயலைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். "யாரு கால்ல இந்த வயலு சேறு ஒட்டியிருக்கோ அவன் பேருதான் எழுதுவேன்" என்பார். எழுதியும் வந்தார். அவர் எழுதினது சாகுபடிக் கணக்கு. பட்டாவில் பேர் பழையபடியே இருந்தது. ஆளுக்கு ஆள் தெரிந்த காலத்தில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. இப்போது வந்திருக்கிற கைப்பேசிக்கு இடம் தெரியும், ஆளைத் தெரியாது.

பனையடி அப்போது நல்ல வயலுமல்ல. கடலுக்குக் கிட்டத்து மண். கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். தெட்சிணாமூர்த்தியும் கல்யாணசுந்தரியும் வேப்பந்தழை, கொளுஞ்சி என்று தழையுரத்தை வண்டி வண்டியாகச் சேற்றில் மிதித்தார்கள், ஆட்டுக்கிடை போட்டார்கள், வாய்க்கால் வண்டலைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அஷ்வினை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் வண்டல் சுமந்தாள். வேண்டாம் என்றால் கேட்கிற பெண்பிள்ளையா அவள்! அந்தப் பக்கம் அடைக்கலராஜும் சலோமியும் கோரைப்பள்ளத்தில் கோரைக் கிழங்கைத் தோண்டித் தோண்டி எடுத்து வரப்பில் குவித்தார்கள். இந்த வீட்டில் அறுப்பென்றால் அந்த வீட்டிலிருந்து மத்தியானச் சோறு வரும். சலோமியின் கெண்டை மீன் குழம்புக்காகவே அறுப்பைச் சீக்கிரம் வைக்கச் சொல்லிக் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குழம்பை வரப்பில் உட்கார்ந்து, ஈரக் கையால், வைக்கோல் வாசனையோடு சாப்பிட்ட ருசி பிறகு எந்த விருந்திலும் கிடைக்கவில்லை என்று தெட்சிணாமூர்த்தி இன்றைக்கும் சொல்வார். இப்போது அறுப்புக்கு மெஷின் வருகிறது, கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிகிறது. டிரைவருக்கு ஒரு புரோட்டாப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

மறுநாள் காலை கருக்களாச்சேரி மீன்காரி வாசலில் கூடையை இறக்கினாள். கல்யாணசுந்தரி மத்தி வாங்கிவிட்டு, கூடையில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனில் பிடித்து அனுப்பினாள். மீன்காரியின் இடுப்பிலிருந்து ஒரு குரல் பணம் வந்துவிட்டதாக அறிவித்தது.

"மீனுக்கும் போனு. மண்ணுக்கும் போனு" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"அதுக்கு ஏன் மீன மொறைக்கிறீங்க? மொதல்ல அஷ்வினுக்குப் பண்ணி என்னா செய்யிறதுன்னு கேளுங்க."

அஷ்வினுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. கெட்டிக்காரப் பையன். பனையடி போர்செட்டைப் புதுச்சேரியில் இருந்தபடியே போனில் ஓடவும் நிறுத்தவும் அவன்தான் வசதி பண்ணிக் கொடுத்திருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் எங்கெங்கோ விசாரித்தான். பிறகு கூப்பிட்டான். கல்யாணசுந்தரி மீனை அலசியபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, மூணு வழி இருக்கு. ஒண்ணு, பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு ரிஜிஸ்டர் பண்றது."

"போட்டுடுவோம்."

"முடியாது. பனையடி பட்டாவுல அடைக்கலம் மாமா அக்கா பேரும் இருக்கு. அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவங்க பிரான்சுல படுத்த படுக்கையா இருக்காங்க."

"ரெண்டாவது?"

"அவங்க நிலத்த அவங்களும் நம்ம நிலத்த நாமளும் எடுத்துக்கிறது. ஒரு செலவும் இல்ல."

கல்யாணசுந்தரியின் கை மீன் சட்டியில் அப்படியே நின்றது.

"மூணாவது?" என்று அவள்தான் கேட்டாள்.

"மூணாவது, நம்ம நிலத்துக்கு அவர குத்தகைதாரர்னும் அவர் நிலத்துக்கு அப்பாவ குத்தகைதாரர்னும் அந்த ஆப்புலயே பதியறது. அத மட்டும் செஞ்சிடாதிங்கப்பா. குத்தகைன்னு பேரு ஏறிட்டா அப்புறம் சட்டப்படி ஆள கெளப்ப முடியாது."

"எனக்கே பாடம் எடுக்குறியாடா? ஒங்க தாத்தா கோர்ட்டுக்கு நடந்தே செருப்பத் தேச்சத கண்ணால பாத்தவன் நான்."

அந்தக் கதை அந்த வீட்டின் ஆறாத புண். தெட்சிணாமூர்த்தியின் தகப்பனார் ஒரு வயலைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரன் பேர் பதிவில் ஏறிற்று. திருப்பிக் கேட்டார், வழக்காயிற்று. வாய்தா வாய்தாவாக இழுத்து, அவர் தோற்று, கடைசியில் அந்த வயலையும் இழந்து படுக்கையில் விழுந்தார். எவன் பேரையும் குத்தகையில் ஏற்றிவிடாதே, நீயும் எவனுக்கும் குத்தகைக்காரனாகக் கை கட்டி நிற்காதே என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். தெட்சிணாமூர்த்தி பல விஷயங்களில் அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளை. இந்த ஒன்றில் மட்டும் கேட்டவர்.

ஜெகபர் அலியின் டீக்கடையில் அடைக்கலராஜ் காத்திருந்தார். காலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு, அந்த நீலச் சட்டையோடே வந்து டீ குடித்துவிட்டு வயலுக்குப் போவது அவர் வழக்கம். மெலிந்த மனிதர். பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

"கேட்டியா கூத்த?" என்றபடி தெட்சிணாமூர்த்தி உட்கார்ந்தார்.

"கேட்டேன். ஞானஸ்நானம் வாங்குனியாமே."

இருவரும் சிரித்தார்கள். ஜெகபர் அலி டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"குத்தகைன்னு போட்டுக்கலாமாம்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"ஒன்னயா, என்னையா?"

"ரெண்டு பேரையுந்தான்."

அடைக்கலராஜ் டீயை ஆற்றினார். ஆறின பிறகும் ஆற்றினார். "எங்கப்பாவ ஊருல எப்புடிக் கூப்புடுவாங்க, ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"குத்தகக்கார சூசை."

"ஆங். பாதி ஆயுசு வரைக்கும் அந்தப் பேருதான். சைகோன்லேர்ந்து எங்க பெரியப்பா அனுப்புன காசுல பனையடிய வாங்குனாரு. அன்னக்கி மாதா கோயில்ல பூச வச்சி, ஊருக்கே சாப்பாடு போட்டாரு. மறுநாள்லேர்ந்து சூசையண்ணேன்னு கூப்புட்டாங்க. அவரு மவன் நான், திரும்பவும் பதிவுல குத்தகக்காரனாடா? நீ சொல்லு."

"நான் போடச் சொல்லலியே. எங்கப்பாவும்தான் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு."

"அப்ப?"

"அப்பன்னா, அவங்கவங்க வயலுக்கு அவங்கவங்க போயிட வேண்டியதுதான்."

"ம். சரி."

"சரிதான?"

"நீ சொல்றப்ப நான் என்னா சொல்றது? சரிதான்."

இந்தப் போகத்தை நட்டவரே அறுத்துக்கொள்வது, பேரை மட்டும் இப்போதே பட்டாப்படி ஏற்றிவிடுவது, தை கழிந்ததும் வயலை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் மரியாதையாக எழுந்து, மரியாதையாகப் பிரிந்தார்கள். அவர்களுக்குள் மரியாதை நடந்தது அதுதான் முதல் தடவை. தெட்சிணாமூர்த்திக்கு நெஞ்சு எரிந்தது. 'போடா பைத்தியக்காரா, எந்த வயலுக்குப் போற நீ' என்று அடைக்கலம் ஒரு அதட்டல் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இவ்வளவு சுளுவாகச் சரி என்று சொல்லிவிட்டானே என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் மத்திக் குழம்பு. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

"பரப்பு கொறையல. பத்துக் காசு நட்டமும் இல்ல" என்றார், யாரும் கேட்காதபோதே.

"நான் நட்டம்னு சொன்னனா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"பின்ன ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"அங்க எந்த எடத்துல மொத வெள்ளம் வடியும், எந்த எடத்துல நண்டு ஓட்ட போடும்னு எனக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். அது வேற ஒண்ணுமில்ல. நீங்க சாப்புடுங்க." சொல்லிவிட்டு அவள் கொல்லைப் பக்கம் போனாள். அங்கிருந்து பார்த்தால் பனையடி முழுவதும் தெரியும். வெகுநேரம் அவள் உள்ளே வரவில்லை.

அடுத்த நாள் அவர் கோரைப்பள்ளத்தைப் பார்க்கப் போனார். எவ்வளவோ தடவை வந்த இடம்தான். வந்ததெல்லாம் அடைக்கலத்தைப் பார்க்க, பேச, சாப்பிட. தன் வயல் என்ற எண்ணத்தோடு பார்க்க வந்தது இப்போதுதான். பனி இன்னும் கதிரில் நின்றது. வரப்போரமாகச் சலோமி பொன்னாங்கண்ணி கிள்ளிக்கொண்டிருந்தார். தெட்சிணாமூர்த்தி வடமூலைக்குள் காலை எடுத்து வைத்தார்.

"அண்ணே, அங்க வைக்காதிங்க! உளை. முட்டிக்கு மேல இழுத்துரும்."

அவர் காலை எடுத்துக்கொண்டார். தன் பரம்பரை நிலத்தில் எங்கே கால் வைக்கலாம் என்று இன்னொருத்தர் சொல்லவேண்டியிருக்கிறது. இளவயதில் இதே மூலையில் ஏரோட்டியது மங்கலாக ஞாபகம் வந்தது. அப்போது இங்கே உளை இருந்ததா என்பது ஞாபகம் வரவில்லை.

"அந்த மூலையில மெஷின எறக்கக் கூடாதுண்ணே. கையறுப்புதான். கெழக்கு வரப்போரத்துல மட்டும் தண்ணிய ரெண்டு வெரக்கட கொறச்சி வைக்கணும், இல்லன்னா சாஞ்சிரும். இதெல்லாம் அவரு ஒங்களுக்குச் சொல்லணும்." சலோமி கீரையை மடியில் போட்டுக்கொண்டார். "சொல்ல மாட்டேங்குறாரு. ரெண்டு நாளா வீட்டுலயும் பேச்சில்ல. வேன நிறுத்திட்டு நேரா இங்க வந்து வரப்புல குந்திர்றாரு."

"அவன்தான் சரின்னான்."

"நீங்கதான கேட்டிய?"

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி?"

"அதையேதான் அவரும் கேக்குறாரு, தெட்சிணா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லன்னு." சலோமி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் வாயி நாட்டாம பண்ண மட்டுந்தான் இருக்கு."

தெட்சிணாமூர்த்தி, கீரை நன்றாக இருக்கிறது என்று எதையோ சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பதிவு முடிகிற நாளன்று நித்யஸ்ரீ மத்தியானத்துக்கு மேல் வந்தாள். வானம் மூட்டம் போட்டிருந்தது. முதலில் கோரைப்பள்ளம். கல்யாணசுந்தரியும் கூட வந்திருந்தாள். சலோமியும் அவளும் வரப்பில் ஒட்டி நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஜெகபர் அலி வந்தார். ஆட்டை ஓட்டிக்கொண்டு காசியம்மா வந்தாள். அடைக்கலராஜ் நீலச் சட்டையோடு மதகில் நின்றார். கிட்டே வரவில்லை.

"ஐயா, நீங்க உள்ள எறங்கி நில்லுங்க. மூஞ்சி தெரியணும்."

தெட்சிணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அடைக்கலராஜ் நட்ட பயிர் அவர் இடுப்பு வரை நின்றது.

"பேரு சரியா வந்துடுச்சுங்க. தெட்சிணாமூர்த்தி." அவளுக்குச் சந்தோஷம். "ரெண்டு மூணு கேள்வி இருக்கு. என்னா ரகங்க?"

தெட்சிணாமூர்த்தி கதிரைப் பார்த்தார். மதகைப் பார்த்தார்.

"சி.ஆர்." என்றார் அடைக்கலராஜ் அங்கிருந்தே.

"நட்டது எப்பங்க?"

"புரட்டாசி கடேசி சனிக்கெழம" என்றார் அடைக்கலராஜ்.

"அடியுரம் என்னா போட்டீங்க?"

"எருவுதான். வடமூலைக்கு மட்டும் கொஞ்சம் ஜிப்சம்."

நித்யஸ்ரீ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு கைப்பேசியைத் தூக்கினாள். "சரிங்க. இங்க பாருங்க ஐயா. எடுக்குறேன்."

"எடுக்காத" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"ஏங்க?"

"பொய்க்குப் படம் புடிக்கச் சொல்றியா? ஒரு கேள்விக்காச்சும் நான் பதில் சொன்னனா? சொன்னவன் அங்க மதகுல நிக்கிறான். அழிச்சிடும்மா." அவர் வயலிலிருந்து ஏறினார். "குத்தகைன்னு ஒண்ணு இருக்காமே, அதப் போடு."

"வேணாம்டா தெட்சிணா" என்று அடைக்கலராஜ் ஓடி வந்தார். "எங்கப்பா பேர..."

"ஒன்ன இப்ப யாருடா கூப்புட்டா? மொதல்ல என்னைப் போடட்டும். எல்லாரும் பனையடிக்கு வாங்க."

கிழக்கிலிருந்து மேற்காக அத்தனை பேரும் அந்த ஒற்றையடி வரப்பில் வரிசையாக நடந்தார்கள். பனையடியில் தெட்சிணாமூர்த்தி இறங்கி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடு வயலில் நின்றார். கல்யாணசுந்தரி வரப்பில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"எழுதும்மா. நெலம் அடைக்கலராஜோடது. குத்தகக்காரன், தெட்சிணாமூர்த்தி." ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். சொல்லி முடித்ததும், படுக்கையில் கிடந்த அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. அதற்காக வருத்தப்பட்டார். வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. காசியம்மாகூடச் சிரிக்கவில்லை. பட்டாவில் முதல் பேர்க்காரரின் சம்மதம் போதும் என்றாள் நித்யஸ்ரீ. சம்மத எண் அடைக்கலராஜின் பொத்தான் போனுக்கு வந்தது. உறையைப் பிரித்து, கண்ணாடி போட்டு, எண்ணை வாசித்தார். வாசித்து முடித்ததும் யாரும் சொல்லாமலே அவர் கிழக்கே திரும்பி நடந்தார். கூட்டம் பின்னால் போய்ச் சேருவதற்குள் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, கோரைப்பள்ளத்துச் சேற்றில் இறங்கி நின்றுவிட்டார்.

"போடும்மா" என்றார் அடைக்கலராஜ். "குத்தகக்கார சூசை மவன், குத்தகக்காரன் அடைக்கலராஜ்." சொல்லும்போது அவர் தலை குனியவில்லை.

நித்யஸ்ரீ படம் எடுத்தாள். பிறகு தெட்சிணாமூர்த்தியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "ஐயா, இதுக்கு நீங்க சம்மதம் தரணும். ஆனா ஒங்க பட்டாவுல ஒங்க மவன் நம்பரு குடுத்திருக்கு. ஓடிபி அவருக்குத்தான் போவும். சாயங்காலத்தோட இது மூடிரும்."

அவள் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, என்னா பண்றீங்க நீங்க?" அஷ்வின் குரல் பதறியது. "நான் அவ்வளவு சொன்னேன்ல? இந்த நம்பர நான் சொல்லிட்டேன்னா, அதுக்கப்புறம் அடைக்கலம் மாமாவ அந்த வயல விட்டு யாராலயும் கெளப்ப முடியாது. நீங்களே நெனச்சாலும் முடியாது. நான் நெனச்சாலும் முடியாது. அது புரியுதா ஒங்களுக்கு?"

"புரியுதுடா. அதுக்குத்தான் போடுறேன்."

"என்னப்பா?"

"அவன அங்கேர்ந்து யாரும் கெளப்பக் கூடாது. என்னையும் ஒங்கம்மாவையும் பனையடிய விட்டு யாரும் கெளப்பக் கூடாது. நாள பின்ன எனக்கே கிறுக்குப் புடிச்சி ஒரு டீக்கடையில குந்தி வாய விட்டாலும் நடக்கக் கூடாது. ஒங்க தாத்தாவ தோக்கடிச்ச சட்டம்டா அது. நம்பரச் சொல்லு."

வடமூலைப் பக்கம் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. சேற்றில் நின்ற அடைக்கலராஜ் போனைப் பார்க்காமல் தெட்சிணாமூர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணசுந்தரி நித்யஸ்ரீயின் தோளோடு ஒட்டி வந்து, கைப்பேசிக்கு நேராகக் குனிந்தாள்.

"தம்பி, அடைக்கலம் மாமா சேத்துல நிக்கிறாருடா. ரொம்ப நேரம் நிக்க வைக்காத."

அஷ்வின் ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, சொல்ல ஆரம்பித்தான்.